எட்டுச் சிலிண்டரும் அரைக் குப்பி மண்ணெண்ணெயும்

தக்கலையில் என்னுடைய எண்ணெய்க் கடைக்கும் ஜஸ்டஸ் மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவர் சுத்தியலை ஓங்கி அடித்தால் என் கடையில் நல்லெண்ணெய்ப் பரணி குலுங்கும். அவர் யாரையாவது ஏசினால், என்னிடம் எண்ணெய் வாங்க வந்தவர்கள் தங்களைத்தான் ஏசுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். பத்து வருஷம் இப்படிப் போயிற்று. இந்த வருஷம் எங்கள் தாலுகாக்கள் மதராஸோடு சேர்ந்துவிட்டன, ராஜ்யம் மாறிவிட்டது, சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது. மேஸ்திரியைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். நடந்தது என்ன என்று முழுக்கத் தெரிந்தவன் நான்தான் என்பதால் எழுதிவைக்கிறேன்.

ஜஸ்டஸ் நெய்யூர்ப் பக்கத்துக்காரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புவரை படித்தார். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவில் லாரி ரிப்பேர் பார்த்தார். நாற்பத்தாறில் ஒரு பட்டாளத்து மோட்டார் சைக்கிளோடும் ஒரு பெட்டி நிறைய ஸ்பானரோடும் திரும்பி வந்து இங்கே கடை போட்டார். கைவேலையில் மன்னன். வாய்தான் கொஞ்சம் மோசம். ஆனால் கெட்ட வார்த்தை ஒன்றுகூட வராது. வேதாகமத்தில் உள்ள சாபங்களை வைத்தே ஒரு மனிதனை அழவைத்துவிடுவார்.

அவருடைய தகப்பனார் குடித்தே செத்தவர். பதினொரு வயதில் அப்பாவைச் சாராயக்கடை வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்ததை மேஸ்திரி என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதனால் அவர்களுடைய கிறிஸ்தவ சபையில் மதுவிலக்குச் சங்கம் தொடங்கியபோது செயலாளராக வேறு யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. குடிக்கிறவனைக் கண்டால் அவருக்கு இரக்கமே வராது. அதை ஒரு குறையென்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை. நாங்கள் அய்யாவழிக்காரர்கள், எங்களுக்கும் குடி ஆகாது.

அவருடைய மனைவி ராஜபாய்க்கு ஒரே தம்பி, சுந்தர்சிங். குலசேகரத்தில் ரப்பர் வியாபாரம் செய்யும் முத்துநாயகம் முதலாளியிடம் டிரைவர். மலையில் முதலாளிக்கு ஓர் எஸ்டேட் இருந்தது. அங்கேயிருந்து ரப்பர் ஷீட் ஏற்றிவருகிற லாரியை ஓட்டுவான். சிரித்த முகம், சீட்டியடித்துக்கொண்டே வண்டி ஓட்டுகிற பையன். வயது இருபத்தாறு.

நாற்பத்தெட்டாம் வருஷம் பங்குனியில் சுந்தர்சிங் சாராயக்கடையிலிருந்து கையில் குப்பியோடு வெளியே வருவதைச் சபைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். சபைக் கமிட்டி கூடி அவனை நிறுத்தி விசாரித்தது. இதை என் மனைவி செல்லக்கனியிடம் ராஜபாய் அழுதுகொண்டே சொன்னாள். செல்லக்கனி வழியாக எனக்கு வந்தது. கமிட்டியில் சுந்தர்சிங் சொன்ன பதில் இதுதான்: "லாறி பிரேக்குக்கு எண்ணெய் தீந்துபோச்சு. டப்பா எண்ணெய் எங்கயும் கிடைக்கல்லே. ஆமணக்கெண்ணெயில சாராயம் கலந்து ஊத்தினா பிரேக் பிடிக்கும். அதுக்குத்தான் வாங்கினேன்."

கமிட்டியே சிரித்துவிட்டது. லாரிக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்தானாம்! தலைவராக இருந்த ஜான்ரோஸ் வாத்தியார் மட்டும் நிதானமானவர். அவர் ஜஸ்டஸைப் பார்த்துக் கேட்டார்: "மேஸ்திரி, இப்பிடி ஒரு வழக்கம் உண்டுமா? ஒமக்குத்தான் தெரியும்."

உண்டு. சண்டைக் காலத்தில் கடல் கடந்து சாமான் வராதபோது டிரைவர்கள் எல்லாரும் அப்படித்தான் சமாளித்தார்கள். பஸ்ராவில் மேஸ்திரி தன் கையாலேயே கலந்திருக்கிறார். ஆனால் மச்சான் கையில் குப்பி என்று கேட்டதுமே அவருக்குக் கண் மறைத்துவிட்டது. பொய் சாக்குச் சொல்லுகிறான் என்று நினைத்தாரோ, சாராயக்கடைக்கு ஒரு நியாயமான வாசல் திறந்துவிடக் கூடாது என்று நினைத்தாரோ, எழுந்து நின்று, "சாராயம் இல்லாமலும் பிரேக்குக்கு எண்ணெய் உண்டாக்கலாம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான் தீர்ப்பு. ஆறு மாசத்துக்கு, அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்தில் கை நீட்டக் கூடாது என்று சுந்தர்சிங்கை விலக்கிவைத்தார்கள். ராஜபாய் புருஷனோடு பேச்சை நிறுத்தினாள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், வாய் திறக்க மாட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே மூச்சு முட்டியது.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் மேஸ்திரியிடம் ஒரு கார் வந்தது. எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர், முத்துநாயகம் முதலாளிக்கு அந்தக் காரைக் கைமாற்றிவிட்டுப் போயிருந்தார். எம்.ஜி. என்று பெயர். பச்சை நிறம், மேலே கூரைக்குப் பதில் ஒரு துணி, சைக்கிள் சக்கரம் போலக் கம்பிபோட்ட சக்கரங்கள். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் ஏறினால் யார் மடியிலாவதுதான் உட்கார வேண்டும். பந்தயத்துக்கு ஓட்டுகிற ஜாதி வண்டி என்று மேஸ்திரி சொன்னார். துரை தண்ணீர் ஊற்றாமல் ஓட்டியதில் எஞ்சின் வெடித்துப் பிளந்து கிடந்தது. அதற்குப் பாகம் வேண்டுமென்றால் சீமைக்கு எழுத வேண்டும்.

முத்துநாயகம் முதலாளி ஆளும் பெரியவர், ஆசையும் பெரியது. "வேய் மேஸ்திரி, அந்தச் சின்ன எஞ்சின் நமக்கு வேண்டாம். என் பழைய ஃபோர்டு காரு ஷெட்டுல கிடக்கு. எட்டுச் சிலிண்டரு. அதெ எடுத்து இதுல வையும். மலையேறும்போ ஊரே திரும்பிப் பாக்கணும்," என்றார்.

"அது இதுக்குள்ள கொள்ளாது முதலாளி."

"கொள்ள வைக்கத்தானே ஒம்ம கூப்பிட்டேன்?"

இந்த ஒரு வார்த்தை போதும் மேஸ்திரிக்கு. அவரிடம் முடியாது என்று சொல்லவைத்துவிட்டு, முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், ராத்தூக்கம் போய்விடும். மூன்று மாசம் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினார். அளவு பார்ப்பதற்காக ஆசாரியைக் கூப்பிட்டு அந்த எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் போலவே முருக்கு மரத்தில் ஒரு பொம்மை எஞ்சின் செய்யச் சொன்னார். அந்தப் பொம்மையை வைத்துப் பார்ப்பதும், இடிக்கிற இடத்தில் கரியால் கோடு போடுவதும், கழற்றுவதும், மறுபடி வைப்பதுமாக ஒரு மாசம். எஞ்சினுக்கும் ஆள் உட்காருகிற இடத்துக்கும் நடுவிலிருந்த தகட்டை வெட்டிப் பின்னால் தள்ளினார். தண்ணீர்த் தொட்டியை முன்னால் நகர்த்தினார். ஸ்டியரிங் தண்டு புகைக்குழாயில் முட்டியது. குழாயை வளைத்துக் கீழே இறக்கினார். பின்சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் அறுத்துக் குறைத்துப் பற்றவைத்தார்.

எஞ்சினை இறக்கிய நாளில் நானும் ஒரு கை பிடித்தேன். ஒர்க்‌ஷாப் முற்றத்து அயினி மரத்தில் சங்கிலிக் கப்பி கட்டி, அந்தரத்தில் தொங்குகிற இரும்பை விரல்கடை விரல்கடையாக இறக்கினோம். கிளை ஒரு தடவை கிறீச்சென்றது. மேஸ்திரி எஞ்சினுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டே, "பைய... பைய... இன்னும் ஒரு நூலு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது போய் உட்கார்ந்தபோது காரின் மூக்கு ஒரு சாண் தாழ்ந்தது. முன் ஸ்பிரிங்குக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டார்.

"ஓட வைக்க எவனாலயும் முடியும் அண்ணாச்சி. இந்தக் கனத்தெ நிறுத்தணுமே, அதான் எனக்குப் பேடியும் பயமும்," என்று என்னிடம் சொன்னார். பிரேக்கை முழுக்கக் கழற்றினார். அந்தக் காரில் மிதிக்கட்டையை மிதித்தால் எண்ணெய் குழாய் வழியாக ஓடி, சக்கரத்திலுள்ள சின்னச் சிலிண்டரைத் தள்ளும். எண்ணெய் ஒழுகாமல் தடுப்பதற்கு உள்ளே ரப்பர் கப்புகள் இருக்கும். பழைய கப்புகளை எடுத்துவிட்டுத் திருவனந்தபுரத்திலிருந்து புதிது வாங்கிப் போட்டார். எல்லாம் முறையாகத்தான் செய்தார். எண்ணெய் ஊற்ற வேண்டிய இடத்தில்தான் வந்து முட்டிக்கொண்டார்.

டப்பா எண்ணெய் திருவனந்தபுரத்திலும் இல்லை, கொல்லத்திலும் இல்லை. முதலாளியோ, திங்கட்கிழமை நாகர்கோவிலில் ரப்பர் வியாபாரிகள் கூட்டத்தில் இந்தக் காரில்தான் போய் இறங்குவேன், சனிக்கிழமை வண்டி கிடைத்தாக வேண்டும் என்று ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். வழி தெரிந்ததுதான். ஆமணக்கெண்ணெய், சாராயம். ஆனால் சாராயம் வேண்டாம் என்று சபை நடுவில் எழுந்து நின்று சொன்ன மனுஷன் எந்த முகத்தோடு கடைக்குப் போவார்? ஆஸ்பத்திரியில் ஸ்பிரிட் கேட்கலாம். எதற்கு என்று ஒரு கேள்வி வரும். ஆள் அனுப்பி வாங்கலாம். அனுப்பினது யார் என்று மறுநாளே தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஆமணக்கெண்ணெய் ரெண்டு குப்பி."

கொடுத்தேன்.

"மண்ணெண்ணெய் அரைக் குப்பி."

"விளக்குக்கா?"

"இல்லே. ஆமணக்கு கட்டியா இருக்கு. கொஞ்சம் எளக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. எண்ணெய் வியாபாரிக்கு இது தெரியாதா? மண்ணெண்ணெய் பட்ட ரப்பர் உருப்படாது. கடையில் ரப்பர் வாஷர் போட்ட மண்ணெண்ணெய்ப் பம்பு எத்தனை தடவை ஊதிப்போய் அடைத்திருக்கிறது! சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ரா வரைக்கும் போய்வந்தவருக்கு நான் என்ன சொல்ல என்று பேசாமல் அளந்து ஊற்றிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் ஏசுவாரே என்ற பயம்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுக்க சுந்தர்சிங்கே வந்தான். அத்தானும் மச்சானும் நாலு மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நேருக்கு நேர் நின்றார்கள். எஞ்சினைக் கிளப்பியதும் சந்தைக்கு வந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சுந்தர்சிங்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கோபத்தையும் விடவில்லை.

"அத்தான், பிரேக்குக்கு என்ன எண்ணெய் ஊத்தினீரு?" என்று எல்லாரும் கேட்கவே கேட்டான்.

மேஸ்திரியின் முகம் கறுத்தது. "சாராயம் ஊத்தல்லே. அது தெரிஞ்சா போதும் ஒனக்கு."

சுந்தர்சிங் காரில் ஏறி உட்கார்ந்தான். வண்டியை எடுத்துக்கொண்டு குலசேகரம் வழியாக எஸ்டேட் பங்களாவுக்குப் போய்விட்டான்; கார் நிறுத்துகிற ஷெட் அங்கேதான். ஏற்றம்தானே, பிரேக்குக்கு வேலையில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பங்களாவிலிருந்து மலையிறங்கி, குலசேகரத்தில் வீட்டிலிருந்து முதலாளியை ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் போக வேண்டும் என்பது ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி ஒர்க்‌ஷாப் கதவைத் தொடவே மாட்டார். ஓய்வுநாளில் ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாது என்பது அவர் சட்டம். அதனால் அங்கே உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் ஒரு நாள் முழுக்கப் போயிற்று.

திங்கட்கிழமை காலை ஏழே முக்கால் மணி இருக்கும். நான் கடைப்பலகையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சாமான் எடுக்கிற சத்தம் இல்லை, இருமல் இல்லை. மேஸ்திரி ஒர்க்‌ஷாப்பில் சத்தமில்லை என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். எட்டிப் பார்த்தேன்.

மிச்சக் கலவை இருந்த கண்ணாடி ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கழற்றிய பழைய ரப்பர் கப் ஒன்றை வெள்ளிக்கிழமை அதில் போட்டுவைத்திருக்கிறார். ஆமணக்கெண்ணெய் அடியில் தங்கிவிட்டது. மேலே மண்ணெண்ணெய் தனியாக மிதந்தது. கப் அதில் ஊறி, பெருத்து, பணியாரம் மாதிரி இருந்தது. விரலால் எடுத்து அமுக்கினார். பிய்ந்து கையோடு வந்துவிட்டது.

"அண்ணாச்சி," என்றார். "சுந்தரு எறங்கப்போறான்."

எனக்கும் புரிந்துவிட்டது. சக்கரத்துக்குள் இருக்கிற கப்பும் இப்போது இப்படித்தான் இருக்கும். முதலில் ஊதிப்போய் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சூடேறிப் பிய்ந்துவிட்டால் மிதி தரையைத் தொடும். எங்கே? நான்கு மைல் இறக்கம், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மூக்கில் மூட்டை மூட்டையாக இரும்பு. எஸ்டேட்டில் டெலிபோன் கிடையாது.

மோட்டார் சைக்கிளை மிதித்தார். கிளம்பவில்லை. இரண்டாவது மிதி, மூன்றாவது மிதி. "கர்த்தாவே, கர்த்தாவே," என்று முனகிக்கொண்டே மிதித்தார். நான்காவதில் பிடித்தது. என்னை ஏறும் என்று அவர் சொல்லவில்லை. ஏனோ நான் ஏறிவிட்டேன். கடைப்பலகை பாதி எடுத்தது பாதி எடுக்காதது, அப்படியே கிடந்தது.

தக்கலையிலிருந்து குலசேகரம் வரைக்கும் அவர் ஓட்டிய ஓட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. மாட்டுவண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், மரச்சீனிக் கிழங்கு சுமந்து வருகிற பெண்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் புகுந்து போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அய்யா சிவசிவா என்று நானும், கர்த்தாவே என்று அவரும். வேறு பேச்சு இல்லை.

குலசேகரத்தில் முதலாளி கோட்டும் தலைப்பாகையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வண்டி வந்தாச்சா முதலாளி?"

"இன்னும் காணல்லே. எட்டு மணிக்கு அங்கேருந்து விடச் சொல்லியிருக்கேன். என்ன வேய், முகமெல்லாம் ஒரு மாதிரி?"

"ஒண்ணுமில்லே," என்று சொல்லிவிட்டு மேஸ்திரி வண்டியை முறுக்கினார். ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் பிடிபடவில்லை. அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது மணி எட்டேகால்.

மலையடிவாரத்துச் சாயாக் கடைக்காரன் கார் எதுவும் இறங்கவில்லை என்றான். ஏறத் தொடங்கினோம். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவில் மேஸ்திரி எஞ்சினை அணைத்துக் காது கொடுத்தார். மேலே எங்கேயோ அந்த எட்டுச் சிலிண்டர் உறுமுவது கேட்டது. வழக்கமான உறுமல் இல்லை. சின்ன கியரில் போட்டு வண்டியை அடக்கும்போது எஞ்சின் கதறுமே, அந்தச் சத்தம்.

"அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றார் மேஸ்திரி.

என்னை அங்கேயே இறக்கிவிட்டு, "கீழேருந்து ஒரு வண்டியையும் மேலே விடாதேயும்," என்று சொல்லிவிட்டு முன்னால் ஓடினார். ஒரு கிழங்கு வண்டி ஏறி வந்துகொண்டிருந்தது. நான் துண்டை வீசி நிறுத்தினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் வளைவில் கார் தெரிந்தது. சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. சுந்தர்சிங் எழுந்து நின்ற மாதிரி மிதியை அமுக்கிக்கொண்டிருந்தான், கைப்பிரேக்கை ஒரு கையால் இழுத்துப் பிடித்திருந்தான். கைப்பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். முன்னால் இருந்த கனம் அதை மதிக்கவேயில்லை.

மேஸ்திரி ரோட்டு ஓரத்துப் பாறையில் முதுகை ஒட்டிக்கொண்டு கத்தினார். "பிரேக்கெ விடுலே! பிரேக்கு கிடையாது! பாறையில ஒரசு! மலைப்பக்கம் ஒடி மக்கா, மலைப்பக்கம்!"

அந்த இடத்துக்குக் கீழே வளைவு. வளைவில் நான், கிழங்கு வண்டி, இரண்டு மாடு, வண்டிக்காரன். சுந்தர்சிங் எங்களைப் பார்த்தான். அவன் கண்ணை நானும் பார்த்தேன். மேஸ்திரியைத் தாண்டினதும் இடது கைப்பக்கம், மலையை ஒட்டி ஒடித்தான். கார் பாறையில் உரசிக்கொண்டே வந்தது, தகடு கிழிகிற சத்தம் காதைப் பிளந்தது, மூக்கு ஓடைக்குள் இறங்கி ஒரு குத்துக் குத்தி நின்றது. எங்களுக்கும் அதற்கும் பத்தடிகூட இல்லை.

ஸ்டியரிங் அவன் நெஞ்சில் மோதியிருந்தது. வலது முட்டி நொறுங்கிப்போயிருந்தது. நினைவு இருந்தது. "அத்தான், எறங்க முடியல்லே," என்றான். அவ்வளவு நேரம் அவனை உயிரோடு பிடித்துவிட வேண்டும் என்று ஓடிவந்த மனுஷன், அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடைக்குள் உட்கார்ந்துவிட்டார்.

கிழங்கைக் கொட்டிவிட்டு அந்த மாட்டுவண்டியில்தான் அவனை அடிவாரம் கொண்டுவந்தோம். அங்கேயிருந்து ஒரு லாரியில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு. இறக்கத்தில் கூட்டம் கூடியபோது எஸ்டேட் காவல்காரன் ஒருவன் சொன்னான்: "காலையிலே ஊத்திட்டு எடுத்திருப்பான்." நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் கேட்காத மாதிரி இருந்தார்.

மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் வந்துவிட்டார்கள். ராஜபாய் வந்தாள். முதலாளி கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தார். ஜான்ரோஸ் வாத்தியாரும் சபைக்காரர் இரண்டு பேரும் வந்தார்கள். சுந்தர்சிங்கை முட்டியைக் கட்டி வராந்தாவை ஒட்டின கட்டிலில் போட்டிருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது.

"பிரேக் பிடிக்கல்லே முதலாளி," என்றான்.

"பிடிக்காம எங்கே போகும்?" முதலாளிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மூணு மாசம் ஒரு மனுஷன் உசிரெக் கொடுத்துச் செய்த வண்டி. புது ரப்பரு, புது எண்ணெய். முந்தாநாளு நல்லா ஏறிப் போச்சு. நீ குடிச்சிருக்கே. ஒனக்கு அந்தப் பழக்கம் உண்டுண்ணு ஒங்க சபையே சொல்லியிருக்கு. போலீசுல சொல்லுகேன்."

சுந்தர்சிங் பதில் சொல்லவில்லை. சொல்லி என்ன பிரயோஜனம்? போன தடவை சொன்னதற்குத்தான் சிரித்தார்களே. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜான்ரோஸ் வாத்தியார் மெதுவாகச் சொன்னார். "இதுக்கு மேலே சபையும் பொறுக்காது. பேரையே எடுக்கச் சொல்லுவாங்க." அப்புறம் ஜஸ்டஸ் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, நீருதான் முதல்ல போய்ச் சேர்ந்தீரு. நீரு என்ன சொல்லுகீரு?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். குலசேகரத்தில் முதலாளியிடம் ஏன் ஒண்ணுமில்லே என்றார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேசாமல் இருந்தால் போதும். ஒர்க்‌ஷாப் தப்பும், சங்கத்துப் பதவி தப்பும், சபையில் சொன்ன வார்த்தை தப்பும். மச்சானுக்குக் கெட்ட பேர் முன்பே உண்டு, அதன்மேல் இன்னொன்று அவ்வளவுதான். எனக்கும் அதே நினைப்புதான் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெய் அளந்து கொடுத்தவன் நான். இவர் வாயைத் திறக்காவிட்டால் என் பேரும் வெளியே வராது. அந்த ஒரு நிமிஷம் நானும் அவர் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மேஸ்திரி தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அவன் குடிக்கல்லே. பிரேக் பிடிக்கல்லே. நான் மண்ணெண்ணெய் ஊத்தினேன்," என்றார். ஒருவருக்கும் புரியவில்லை. "ஆமணக்கெண்ணெயில சாராயம்தான் கலக்கணும். மண்ணெண்ணெய் பட்டா ரப்பரு போகும். சாராயம் வாங்க எனக்கு நாணக்கேடு. அதனால மண்ணெண்ணெய் ஊத்தினேன்."

முதலாளி வாயைத் திறந்தார். மேஸ்திரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னும் உண்டு. வாத்தியாரே, அண்ணைக்கு அவன் வாங்கின குப்பி லாறிக்குத்தான். அப்பிடி ஒரு வழக்கம் உண்டு. நீரு கேக்கும்போ எனக்குத் தெரியும். தெரிஞ்சே சொன்னேன்."

ராஜபாய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு மாசமாக அவரோடு பேசாதவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிலில் சுந்தர்சிங் சுவர்ப்பக்கமிருந்து முகத்தைத் திருப்பினான். மேஸ்திரி அவன் பக்கத்தில் போய் நின்றார். மன்னிச்சிருலே என்று கேட்கத்தான் போனார் என்று நினைக்கிறேன். அவன் முந்திக்கொண்டான்.

"இதெ அண்ணைக்குச் சொல்லியிருந்தா போதுமே அத்தான்," என்றான்.

குரலை உயர்த்தவில்லை. உண்மையிலேயே அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது என்பது போலச் சொன்னான். மேஸ்திரி அழுதார். ஜஸ்டஸ் மேஸ்திரி அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மண்ணெண்ணெய் கொடுத்தது நான், கெடும் என்று எனக்கும் தெரியும் என்று முதலாளியிடம் சொன்னேன். சாயங்காலம் சொன்னேன். கூட்டம் கலைந்த பிறகு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று மேஸ்திரி அத்தனையையும் மறுபடியும் சொன்னார். சுந்தர்சிங்குக்குப் போட்ட விலக்கை எடுத்தார்கள், இவரை விலக்கிவைத்தார்கள், சங்கத்துப் பதவியும் போயிற்று. முதலாளி காரை ஓடையிலிருந்து இழுத்துக்கொண்டு போய் வேறு ஊரில் யாருக்கோ தள்ளிவிட்டார். ஒரு வருஷம் ஒர்க்‌ஷாப்புக்கு சைக்கிள் பஞ்சர்கூட வரவில்லை. ராஜபாய் எப்போது பேசத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியாது. சுவர் வழியாக ஒரு நாள் இரண்டு பேரும் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. செல்லக்கனிக்கு அத்தனை சந்தோஷம்.

டப்பா எண்ணெய் ஒழுங்காக வரத் தொடங்கும்வரை, பிரேக் வேலை வந்தால் மேஸ்திரி தானே சாராயக்கடைக்குப் போவார். பட்டப்பகலில், குப்பியை ஒரு துணியில்கூடச் சுற்றாமல், சந்தை நடுவாகக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். பின்னால் சிரிப்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு சொட்டு வாயில் வைக்காத மனுஷனுக்குக் குடிகாரன் என்று பாதி ஊரில் பேர் வந்தது அப்படித்தான்.

சுந்தர்சிங் ஒன்றரை வருஷம் கழித்துக் காலை விந்திக்கொண்டே மறுபடி வண்டியில் ஏறினான். இப்போது எஸ்டேட் லாரி ஒன்று ஓட்டுகிறான். வேலை எல்லாம் அத்தானிடம்தான். வேறு ஒர்க்‌ஷாப்புக்கு அவன் போனதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சாயா குடிப்பார்கள், சிரிப்பார்கள். சாயா குடித்து முடித்ததும் அவன் லாரியில் ஏறுவான். ஏறினதும் கிளம்ப மாட்டான். நிற்கிற வண்டியில் பிரேக்கை ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை அழுத்தி மிதித்துப் பார்ப்பான். மேஸ்திரி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவன் மிதித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே போவார்.